மல்லாட்டை விதைநேர்த்தி: நானோ வெள்ளியா, தாமிரமா, கார்பன்டாசிமா, டிரைக்கோடெர்மாவா?

மார்கழிப் பட்டத்துக்கு மல்லாட்டை (நிலக்கடலை) உடைத்துப் பருப்பைத் தரம் பிரித்து வைத்திருப்பவர்கள் முன்னால் இப்போது ஒரு புது யோசனை வந்து நிற்கிறது. வேரழுகலுக்கும் தண்டழுகலுக்கும் இதுவரை கார்பன்டாசிம் என்ற பூஞ்சணக்கொல்லி கலந்தோம், சிலர் டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சணத்தைக் கலந்தோம். இப்போது நானோ வெள்ளி, நானோ தாமிரம், நானோ துத்தநாகம் என்று பாட்டில்கள் வருகின்றன. ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில மில்லி போதும், பூஞ்சணம், பாக்டீரியா இரண்டையும் கொல்லும் என்கிறார்கள். அந்தப் பேச்சு பொய்யில்லை. இரண்டையும் கொல்லும் என்பதுதான் என் கவலையும்.

மல்லாட்டை தன் தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதியை வேர்முடிச்சிலிருந்து எடுத்துக்கொள்ளும் பயிர். இறவை மல்லாட்டைக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ தழைச்சத்து போட்டால் போதும் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது இதனால்தான். நெல்லுக்கு அதைப்போலப் பல மடங்கு வேண்டும். அந்த முடிச்சைக் கட்டுவது ரைசோபியம் என்ற பாக்டீரியா. ஆகவே விதைக்கு எதைத் தடவினாலும், வேரடியில் எதை ஊற்றினாலும், நோய் போகுமா என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. முடிச்சு பிழைக்குமா என்றும் கேட்டாக வேண்டும். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் அங்ககக் கரிமம் ஏற்கெனவே குறைவு. நுண்ணுயிர்களுக்கு அங்கே சோறே அரை வயிறுதான். அவற்றை அடித்துப் பார்த்துப் பரிசோதிக்கிற நிலம் அதுவல்ல.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம். முளைத்த சில நாளிலேயே கன்று வாடி, கழுத்துப் பகுதியில் கறுப்புத் தூள் தெரிந்தால் அது அஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சணத்தின் கழுத்தழுகல். வளர்ந்த செடியின் அடித்தண்டில் வெள்ளை நூலும் கடுகளவு பழுப்பு உருண்டைகளும் தெரிந்தால் ஸ்கிளிரோசியம் தண்டழுகல். வேர்ப்பட்டை நார் நாராய் உரிந்து கறுத்திருந்தால் மேக்ரோஃபோமினா வேரழுகல். மூன்றுமே பூஞ்சணம், மூன்றுமே மண்ணிலோ விதையிலோ குடியிருப்பவை. பூஞ்சணத்தை அடிக்கப் பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும் ஒரு பொருள் தேவையா என்ற கேள்வி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

நானோ வெள்ளியைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், குழப்பம் அதிகம் இருப்பது அதில்தான். நானோ துகள் என்றால் 1 முதல் 100 நானோமீட்டர் அளவுள்ள துகள். அளவு சிறுக்கச் சிறுக்க, ஒரே எடைக்கு வெளிப்பரப்பு கூடுகிறது. அந்தப் பரப்பிலிருந்து வெள்ளி அயனிகள் கசிகின்றன. இந்த அயனிகள் நுண்ணுயிரின் புரதங்களில் உள்ள கந்தகப் பகுதியைப் பிடித்துக்கொண்டு நொதிகளை முடக்கும், செல் சவ்வை ஓட்டையாக்கும், உள்ளே ஆக்சிஜன் சார்ந்த நச்சு மூலக்கூறுகளைப் பெருக்கும். இந்த மூன்று வேலையும் எல்லா உயிரிலும் நடக்கும். நோய்க்கிருமியை மட்டும் தேடிப் பிடிக்கும் எந்த ஏற்பாடும் வெள்ளியிடம் இல்லை.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். பாக்டீரியாக்களைச் செல்சுவரின் அமைப்பைப் பார்த்து கிராம் பாசிட்டிவ், கிராம் நெகட்டிவ் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். சுவர் மெல்லியதாக இருக்கும் கிராம் நெகட்டிவ் வகைதான் பொதுவாக வெள்ளிக்குச் சீக்கிரம் பலியாகும். நாம் காசு கொடுத்து வாங்கி வயலில் விடும் ரைசோபியம், அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ் மூன்றும் அந்த வகை. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுவதில் முதல் படியைச் செய்யும் நைட்ரோசோமோனாஸும் அந்த வகை. தடித்த சுவரும், கஷ்டகாலத்தில் வித்தாக மாறி ஒடுங்கிக்கொள்ளும் திறமையும் உள்ள பேசில்லஸ் ஓரளவு தாங்கும். அதாவது வெள்ளி ஊற்றினால் முதலில் அடிபடக்கூடியவர்கள் நம் ஆட்கள்.

நைட்ரோசோமோனாஸ் கூட்டத்துக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. அவை மெதுவாகப் பெருகுபவை. ஆய்வகத்தில் நல்ல சாப்பாடு கிடைத்தால் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும்; இவற்றுக்குப் பல மணி நேரம், சமயத்தில் ஒரு நாளே ஆகும். கூட்டம் குறைந்தால் மீண்டு வரத் தாமதமாகும். வெள்ளியின் தாக்கத்தை ஆராய்ந்தவர்கள் இந்த நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்களை மிகவும் மென்மையானவை என்று மீண்டும் மீண்டும் குறிப்பிடுகிறார்கள்.

வயலுக்கு நெருக்கமான ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்டது. திறந்தவெளித் தொட்டிகளில் செடிகளை வளர்த்து, கழிவுநீர்ச் சேற்றோடு நானோ வெள்ளியைக் கலந்து மண்ணில் இட்டார்கள். ஒரு கிலோ மண்ணுக்கு வெறும் 0.14 மில்லிகிராம் வெள்ளி. வெள்ளி கலக்காத சேறு இட்ட தொட்டிகளோடு ஒப்பிட்டபோது நுண்ணுயிர்த் திரள் 35 சதவீதம் குறைந்திருந்தது, ஒரு செடிவகையின் வளர்ச்சி 32 சதவீதம் குறைந்தது, மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வாயு வெளியேறுவது நான்கரை மடங்கானது. தழைச்சத்துச் சுழற்சி தடுமாறுகிறது என்பதற்கு அந்த வாயு ஓர் அடையாளம்.

இந்த 0.14 நம்மூர்க் கணக்கில் எவ்வளவு? ஒரு ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் ஏறக்குறைய 900 டன் இருக்கும். (காணிக் கணக்கில் பேசுபவர்கள் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.) லிட்டருக்கு 50 மில்லிகிராம் வெள்ளி இருக்கும் கரைசல் என்று வைத்துக்கொண்டு ஏக்கருக்கு 200 லிட்டர் ஊற்றினால் 10 கிராம் வெள்ளி இறங்குகிறது. முழு 900 டன்னிலும் பரவினால் கிலோவுக்கு 0.011 மில்லிகிராம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் வேரடியில் ஊற்றிய கரைசல் 15 சென்டிமீட்டரிலும் சமமாகக் கலப்பதில்லை. பத்தில் ஒரு பங்கு மண்ணில்தான் தங்கும் என்றால் அந்த இடத்தில் 0.11 ஆகிறது. டியூக் தொட்டிகளின் அளவுக்குக் கிட்டே வந்துவிட்டோம், அதுவும் ஒரே தடவையில். மண்ணும் தட்பவெப்பமும் வேறு என்பதால் அதே விளைவு இங்கே வந்தே தீரும் என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த பட்டத்தில் மறுபடி ஊற்றினால் பழைய வெள்ளியோடு புது வெள்ளி சேரும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. பூச்சிமருந்து மூலக்கூறு நாளடைவில் சிதையும். உலோகம் சிதையாது, இடமும் வடிவமும்தான் மாறும்.

வெள்ளிக்குச் சாதகமான பேச்சையும் கேட்கத்தான் வேண்டும். மண்ணில் போன வெள்ளி வெகுநாள் அதே வீரியத்தோடு இருப்பதில்லை. மண்ணிலுள்ள மட்கு, களிமண் இரண்டும் அயனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றில்லாத சேற்றில் கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகிவிடும், அதன் நச்சுத்தன்மை மிகவும் குறைவு. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கம் வீராணம் தண்ணீர் நிற்கும் களிமண் நெல் வயலில் இந்த மாற்றம் நடக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. கடலோர உவர் நிலத்தில் குளோரைடு அதிகம் என்பதால் அங்கேயும் ஒரு பகுதி வெள்ளி குளோரைடாகப் படியும். மல்லாட்டை போடும் இடம் இவை இரண்டுமே இல்லை. காற்றோட்டமான, மணல் கலந்த, மட்கு குறைந்த செம்மண். வெள்ளியின் வீரியத்தை அடக்கும் சங்கதிகள் எங்கே குறைவோ, அங்கேதான் நாம் மல்லாட்டை போடுகிறோம்.

நேரமும் சரியில்லை. ரைசோபியம் வேருக்குள் புகுந்து முடிச்சுக்குள் அமர்ந்துவிட்டால் ஓரளவு பாதுகாப்பாக இருக்கும். அதற்கு முன் அது விதைமேலும் மண்ணிலும் வெட்டவெளியில் கிடக்கிறது. விதைநேர்த்தியில் வெள்ளி சேர்ப்பது அந்த நேரம் பார்த்து அடிப்பதாகும். ஒரே விதையில் ரைசோபியமும் நானோ வெள்ளியும் தடவுவதற்கு, ரைசோபியம் வாங்காமலே இருக்கலாம்.

‘வேப்பிலைச் சாற்றில் செய்தது’, ‘துளசியில் செய்தது’, ‘இயற்கை நானோ’ என்றெல்லாம் சில பாட்டில்களில் எழுதியிருக்கும். இதைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும், இயற்கை வழியில் உண்மையான அக்கறை உள்ளவர்கள்தான் இதில் ஏமாறுகிறார்கள். வெள்ளி உப்பை வெள்ளித் துகளாக மாற்ற ஒரு வேதிப்பொருள் வேண்டும். அதற்குப் பதிலாக இலைச்சாற்றைப் பயன்படுத்துகிறார்கள். தயாரிப்பில் அது நல்ல முன்னேற்றம்தான், தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் செய்கிறார்கள். ஆனால் கடைசியில் வயலில் இறங்குவது வெள்ளி. வேப்பிலை அதை வேப்பெண்ணெய் ஆக்கிவிடவில்லை.

சரி, தாமிரத்துக்கு வருவோம். 1885இல் பிரான்சில் மில்லார்டே போர்டோ கலவையை வெளியிட்ட காலத்திலிருந்து தாமிரம் நம்மோடு இருக்கிறது. நாற்றங்காலில் கத்தரி, மிளகாய் நாற்றழுகலுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு ஊற்றாத ஊர் இல்லை. 200 லிட்டருக்கு 500 கிராம் மருந்து, அதில் பாதி தாமிரம் என்றால் 250 கிராம். ஏக்கருக்குப் பரப்பினால் கிலோ மண்ணுக்கு 0.28 மில்லிகிராம். மண்ணில் இயல்பாகவே கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம் தாமிரம் இருப்பதால் ஒரு தடவை ஊற்றுவது பெரிய பாரமில்லை. தவிர, தாமிரம் செடிக்கும் நுண்ணுயிருக்கும் சிறிதளவு தேவைப்படும் சத்து. வெள்ளி எந்தச் செடிக்கும் சத்தில்லை. எனக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படுகிறது.

ஆனாலும் தாமிரம் வருஷா வருஷம் சேரும். ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் நூறாண்டுக்கு மேல் அடித்த தாமிரம் மேல்மண்ணிலேயே தேங்கி மண்புழுவையும் நுண்ணுயிரையும் பாதித்ததால், 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் கூடாது என்று 2019 முதல் ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. நெல் வயலில் நீலப்பச்சைப் பாசியும் தாமிரத்துக்குத் தாங்காது. பாசியை ஒழிக்கவே மயில்துத்தம் என்ற தாமிர உப்பைப் போடுகிறார்களே. பாகூர் பக்கம் பாசி விட்டுத் தழைச்சத்து சேர்ப்பவர்கள் அதே வயலில் தாமிரம் போடுவது ஒன்றை ஒன்று அழிக்கும் வேலை. நானோ தாமிரம் குறைந்த அளவில் அதே பலன் தருமானால், மண்ணில் சேரும் உலோகம் குறையும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. இலைமேல் அடிக்கும் மருந்தாக அதை நான் திறந்த மனதோடு பார்க்கிறேன். வேரடியில் ஊற்றுவதற்கு மட்டும் இதுவரை எனக்கு மனம் ஒப்பவில்லை.

நானோ துத்தநாகம் இந்த மூன்றில் சாதுவானது. துத்தநாக ஆக்சைடு துகள் மண்ணில், அதுவும் அமிலத்தன்மை உள்ள மண்ணில், கரைந்து துத்தநாக அயனியாகிவிடும். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் நாம் போடுவதுதான். அதிலேயே 5 கிலோ போலத் துத்தநாகம் இருக்கிறது. தமிழ்நாட்டு மண்ணில் துத்தநாகக் குறை பரவலாக இருப்பதால் கொஞ்சம் சேர்ந்தால் நல்லதே. நுண்ணுயிர்களுக்குப் பெரும் கேடு காட்டிய ஆய்வுகள் பெரும்பாலும் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் போட்டவை, வயலில் அந்த அளவுக்கு யாரும் போடுவதில்லை. ஆனால் நோயைக் கொல்லும் மருந்து என்று நினைத்து அதை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சத்தாகப் போடுங்கள். நானோ யூரியாவையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு. அது கிருமிக்கொல்லியே அல்ல, அதன் வாதம் வேறு.

முடிச்சுக்கட்டும் பயிரில் உலோக நானோ துகள் என்ன செய்யும் என்று பார்த்த ஆய்வுகளில் கலிபோர்னியாவில் சோயா மொச்சையில் நடந்தது முக்கியமானது, 2012இல் வெளியானது. சீரியம் ஆக்சைடு நானோ துகளை அதிக அளவில் மண்ணில் கலந்தபோது முடிச்சில் தழைச்சத்து நிலைநிறுத்தம் ஏறக்குறைய நின்றே போனது. துத்தநாக ஆக்சைடு கலந்தபோது இலையிலும் விதையிலும் துத்தநாகம் ஏறியது. சீரியம் நம் கடையில் வரும் சரக்கு இல்லை, அளவும் அதிகம். ஆனால் செடி மேலே பச்சையாக நிற்கும்போதே கீழே முடிச்சு வேலையை நிறுத்தியிருக்க முடியும் என்பதை அது காட்டியது. யூரியா போட்டுப் பச்சையைக் காப்பாற்றிக்கொண்டே நாம் இதைக் கவனிக்காமல் விட்டுவிட முடியும்.

கார்பன்டாசிம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிலோ விதைக்கு 2 கிராம். பூஞ்சணத்தின் செல் பிரிவதைத் தடுக்கும் மருந்து என்பதால் பாக்டீரியாமேல் அதன் கை அவ்வளவாக நீளாது. வேரழுகலுக்குக் கேட்கும், ஸ்கிளிரோசியத்துக்குப் பெரிதாகக் கேட்காது. அதற்கு டெபுகோனசோல் வகை வேண்டும். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சணம் என்பதால் கார்பன்டாசிமோடு சேர்த்துத் தடவினால் செத்துப்போகும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

கடைசியாக டிரைக்கோடெர்மா விரிடியும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸும். கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா என்றால் 4 கிராம், சூடோமோனாஸ் என்றால் 10 கிராம். மண்ணில் இட ஹெக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழுவுரத்தோடு கலக்க வேண்டும். டிரைக்கோடெர்மா நோய்ப் பூஞ்சணத்தின் இழையைச் சுற்றிக்கொண்டு அதைக் கரைத்து உண்ணும். சூடோமோனாஸ் இரும்புச்சத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு நோய்க்கிருமியைப் பட்டினி போடும், செடியின் எதிர்ப்பையும் கிளப்பிவிடும். ரைசோபியத்தோடு இவை ஒத்துப்போகும்.

குறைகளும் உண்டு, மறைப்பதில் பயனில்லை. இவை உயிருள்ள சரக்கு. வெயிலில் கிடந்த பாக்கெட்டில் கரித்தூளோ டால்க் பவுடரோதான் மிஞ்சும். டிரைக்கோடெர்மா கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிரணுக்கள் இருக்க வேண்டும் என்பது தரம். காலாவதித் தேதியைப் பார்க்காமல் வாங்கினால் அந்தத் தரத்தை எதிர்பார்க்க முடியாது. ஈரமும் மக்கிய எருவும் இல்லாத மண்ணில் போட்டால் பிழைக்காது. நோய் பரவி செடி சாய்ந்தபின் ஊற்றினால் காப்பாற்றாது. இதை ஒரு வருஷம் செய்து பார்த்து, சரிவரவில்லை என்று விட்டவர்களிடம் பேசிப் பார்த்தால் பெரும்பாலும் எரு இல்லாமல் போட்டிருப்பார்கள், அல்லது பழைய பாக்கெட்டாக இருக்கும்.

என் தேர்வு இதுதான். விருத்தாசலம், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கத்துச் செம்மண், மணற்பாங்கில் மல்லாட்டை போடுபவர் டிரைக்கோடெர்மாவில் நிற்கட்டும். ஏக்கருக்கு 50 கிலோ பருப்புக்கு 200 கிராம் டிரைக்கோடெர்மாவை முதலில் கலக்கவும். அப்புறம் ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்துத் தடவி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடவும். ஏற்கெனவே விதை கார்பன்டாசிம் கலந்து வந்திருந்தால் டிரைக்கோடெர்மாவை விதையில் தொடாமல் எருவோடு மண்ணில் போடவும்; ரைசோபியத்தையும் எருவில் கலந்து இடலாம், ஹெக்டேருக்கு 2 கிலோ. போன பட்டத்தில் தண்டழுகல் பலமாக வந்த வயல் என்றால் கோடையில் ஆழ உழுது அந்தக் கடுகு உருண்டைகளை அடியில் புதைத்துவிடுவது எந்தப் பாட்டிலைவிடவும் முந்திய வேலை. நடுவில் திட்டுத்திட்டாக நோய் வந்தால், அந்தத் திட்டுக்கு மட்டும் பரிந்துரைத்த பூஞ்சணக்கொல்லியை ஊற்றலாம். முழு வயலுக்கும் வேண்டாம்.

களிமண் நெல் வயலில் நானோ வெள்ளியால் வரும் கேடு குறைவு என்று மேலே சொன்னேன். அதற்காக அங்கே போடச் சொல்லவில்லை, போட ஒரு காரணம் எனக்குத் தெரியவில்லை. கத்தரி வாடல் நோய்க்கு மட்டும் யோசனை கொஞ்சம் வேறு. அது ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவால் வருவது, பூஞ்சணக்கொல்லி கேட்காது, ஆகவே வெள்ளியின்மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் ரால்ஸ்டோனியாவும் சூடோமோனாஸும் ஒரே கிராம் நெகட்டிவ் கூட்டம். வெள்ளி இரண்டையும் அடித்துக் காலியாக்கிய இடத்தில் முதலில் யார் வந்து குடியேறுவார்கள் என்பது நம் கையில் இல்லை. எதிர்ப்புள்ள ரகம், நெல்லோடு பயிர்சுழற்சி, நாற்றை சூடோமோனாஸ் கரைசலில் நனைத்து நடுவது என்ற வழிதான் எனக்குத் தெம்பாக இருக்கிறது.

கடையில் பாட்டிலைக் கையில் எடுத்தால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. நோயைக் கொல்லும் என்று சொல்லி விற்கும் எதுவும் 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி மத்தியப் பதிவுக் குழுவில் பதிவாகியிருக்க வேண்டும். லேபிளில் பதிவு எண், பயிர், நோய், அளவு நான்கும் இருக்கும். ‘வளர்ச்சி ஊக்கி’ என்று அச்சடித்துவிட்டு வாயால் மட்டும் நோய்மருந்து என்று சொன்னால் திருப்பி வைத்துவிடுங்கள். நானோ இடுபொருள்களை எப்படி மதிப்பிடுவது என்று மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2020இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதன்படி நடந்த சோதனை விவரத்தைத் தரச்சொல்லிக் கேட்பது நம் உரிமை. வெள்ளி எத்தனை சதவீதம் என்றுகூட எழுதாத பாட்டிலும் உண்டு, அதில் மேலே போட்ட கணக்கைக்கூடப் போட முடியாது.

மண்வள அட்டையை நம்பி இருந்துவிட முடியாது. அதில் வரும் 12 விவரங்களில் தாமிரமும் துத்தநாகமும் உண்டு, வெள்ளி கிடையாது, நுண்ணுயிரும் கிடையாது. தாமிரம் சேர்ந்தால் அட்டை சொல்லிவிடும். வெள்ளி சேர்ந்தால் சொல்லாது. என் தேர்வில் இதற்கும் பங்கு உண்டு.

இவ்வளவு சொன்ன பிறகும் நானோ வெள்ளியை முயன்றுதான் பார்ப்பேன் என்பவர் நான்கு சால் மட்டும் போட்டுப் பார்க்கட்டும், பக்கத்திலேயே நான்கு சால் போடாமல் விடட்டும். 40, 45ஆம் நாள் ஜிப்சம் போட்டு மண் அணைக்கும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் பத்துப் பத்துச் செடியை மண்வெட்டியால் வேரறுந்துவிடாமல் எடுத்து, தண்ணீரில் அலசி, முடிச்சுகளை எண்ண வேண்டும். நகத்தால் கீறினால் உள்ளே ரத்தச் சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. பச்சையாகவோ வெளுத்தோ இருந்தால் வேலை செய்யவில்லை. மீந்த கரைசலைக் கெடிலத்துக்குப் போகும் வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டிவிடாதீர்கள். வெள்ளி மண்ணில் செய்வதைவிடத் தண்ணீரில் மீனுக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளுக்கும் இன்னும் கடுமையாகவே செய்யும்.